டாக்டர் ரூத் ஃபாவ்: கராச்சியின் ஜெர்மன் சிஸ்டரை எப்படி நினைவுகூர்வது?

வேலூர்க்காரன்:

டாக்டர் ரூத் ஃபாவ் இறந்த நாளான ஆகஸ்ட் 10 நெருங்கினால் ஒரு பாட்டியின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். சல்வார் கமீஸ், துப்பட்டா, நரைத்த முடி, சிரித்த முகம். கீழே ‘பாகிஸ்தானின் அன்னை தெரசா’ என்று ஒரு வரி. யார் இவர், என்ன செய்தார் என்று கேட்டால் ‘தொழுநோயாளிகளை அன்போடு கவனித்தவர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது பொய் இல்லை. ஆனால் டாக்டர் ரூத் ஃபாவ் செய்த வேலையில் அது கால்வாசிகூட இல்லை என்பது என் எண்ணம். அதைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1929 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். போரில் குண்டு விழுந்து வீடு போனது. போர் முடிந்ததும் அந்தப் பகுதி சோவியத் கட்டுப்பாட்டுக்குள் போக, இவர் எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்கு வந்து மருத்துவம் படித்தார். 1953-இல் கத்தோலிக்கராகி, 1957-இல் துறவற சபையில் சேர்ந்தார். சபை அவரை அனுப்ப நினைத்தது இந்தியாவுக்கு. விசா சிக்கலால் 1960 மார்ச்சில் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று. பிறகு ஐம்பத்தேழு ஆண்டுகள் அங்கேதான்.

கராச்சியில் அப்போது மெக்லியோட் ரோடு என்று அழைக்கப்பட்ட சாலைக்குப் பின்னால், சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டி, தொழுநோயாளிகளின் குடிசைகள் இருந்தன. தெருவெங்கும் சாக்கடை. இவருடைய சபையைச் சேர்ந்த பெரனீஸ் வர்காஸ் என்ற மெக்சிகோ நாட்டு மருந்தாளுநர் 1956-லிருந்தே அங்கே ஒரு சின்ன மருந்தகம் நடத்திவந்தார். ரூத் அதைப் பார்க்கப் போனபோது, ஏறக்குறைய இவர் வயதே உள்ள ஒரு பட்டாணிய இளைஞர் கையையும் காலையும் ஊன்றி அந்தச் சேற்றில் தவழ்ந்து உள்ளே வந்திருக்கிறார். அது ரொம்ப இயல்பான விஷயம்போல அவர் வந்ததுதான் இவரை உலுக்கியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. 1961-இல் தொழுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற அவர் வந்தது வேலூருக்கு. வேலூரில் வளர்ந்த எனக்கே இது வெகுகாலம் தெரியாது. பயிற்சி முடிந்து திரும்பியவர் குடிசை மருந்தகத்தோடு நிற்கவில்லை. 1963-இல் கராச்சியின் சதர் பகுதியில் ஒரு கட்டடம் கிடைத்து, மேரி அடிலெய்ட் தொழுநோய் மையம் உருவானது. 1965-இல் தோல் மருத்துவர் ஜரீனா ஃபஸல்பாய் உதவியோடு உள்ளூர் இளைஞர்களைத் தொழுநோய்த் தொழில்நுட்பர்களாக, அதாவது வீடு தேடிப் போய் நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பவர்களாக, ஆக்கும் பயிற்சி தொடங்கியது. 1968-இல் அரசையே இழுத்துவந்து தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கவைத்தார். நாடு முழுக்க 157 மையங்கள். 1996-இல் பாகிஸ்தானில் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நிறுவனம் வைத்திருந்த இலக்கு 2000. நான்கு ஆண்டு முன்னதாகவே முடித்துவிட்டார்கள்.

இதில் எதையாவது ‘அன்பு’ என்ற ஒரு சொல்லில் அடக்க முடியுமா? இவர் ஒரு நிர்வாகி, ஆசிரியர், பிடிவாதக்காரர். நினைவு நாளில் அதைச் சொல்ல ஏன் தயங்குகிறோம்?

ஷார்ஜா சேது:

நல்ல இழை. என் அறையில் கூடத் தங்கியிருந்தவர் கராச்சிக்காரர். அவர் இந்த அம்மாவை ‘டாக்டர் சாஹிபா’ என்றுதான் சொல்வார். அவர் மதம் என்ன, நாடு என்ன என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. 2017-இல் இறந்த செய்தி வந்தபோது தன் வீட்டுப் பெரியவர் ஒருவர் போனதுபோல உட்கார்ந்திருந்தார்.

இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தோம். ஆகஸ்ட் 19, கராச்சி புனித பாட்ரிக் பேராலயம். பெட்டியின்மேல் பச்சை வெள்ளை தேசியக் கொடி, சுற்றிலும் ராணுவ வீரர்கள், முழு அரசு மரியாதை. கோரா கப்ரிஸ்தானில் அடக்கம். அன்றைய ஜனாதிபதி வந்திருந்தார், ராணுவத் தளபதியும் வந்திருந்தார். ஒரு கன்னியாஸ்திரியின் பூசைக்கு இப்படி ஒரு கூட்டமா என்று நான் கேட்டதற்கு, ‘எங்க சித்தப்பா கால் அவங்க கொடுத்தது’ என்றார் அறை நண்பர். அப்புறம் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

கராச்சி சிவில் மருத்துவமனைக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் உருவம் பதித்த 50 ரூபாய் நினைவு நாணயமும் வந்தது.

ஐயப்பாடு:

கொஞ்சம் கசப்பாகக் கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று: வெளிநாட்டு மிஷனரி, ஏழை நோயாளி, மருத்துவ உதவி. இந்த வரிசையில் அடுத்து வருவது மதமாற்றம்தானே? அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

இரண்டு: ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து ‘காப்பாற்றினார்’ என்று சொல்வதில் அங்கே ஏற்கெனவே வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் மறைந்துபோகிறார்கள். மெக்சிகோ மருந்தாளுநர் பெயரை நீங்கள் சொன்னதே ஆச்சரியம். படம் சுற்றுகிறது என்றீர்களே, அந்தப் படத்தில் ஜரீனா ஃபஸல்பாய் இருக்கிறாரா?

வேலூர்க்காரன்:

இரண்டாவது கேள்வியில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன். அதனால்தான் அந்தப் பெயர்களை முதல் பதிவிலேயே எழுதினேன்.

முதல் கேள்விக்கு: அவர் வேலை செய்த இடத்தை யோசித்துப் பாருங்கள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களில் பலர் முன்னாள் நோயாளிகள் அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அவர்களும் முஸ்லிம்கள்தான். பாகிஸ்தானில் மதமாற்றப் புகார் எழுந்தால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது, ஐம்பத்தேழு ஆண்டு எப்படி? 1979-இல் அரசே அவரைத் தொழுநோய்க்கான ஆலோசகராக்கியது. ஹிலால்-இ-இம்தியாஸ், அப்புறம் 1989-இல் ஹிலால்-இ-பாகிஸ்தான் விருதுகள். 1988-இல் குடியுரிமை. இஸ்லாமியச் சட்டங்களைக் கொண்டுவந்த ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்திலும் அவர் வடக்கு மலைப் பகுதிகளில் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆள் பிடிக்க வந்தவராக இருந்தால் அந்த அரசு விட்டிருக்குமா?

தூத்துக்குடி கிறிஸ்டி:

ஐயப்பாடு அண்ணனுக்கு இன்னொரு தகவல். இவர் சேர்ந்த சபையே கொஞ்சம் வித்தியாசமானது. மரியாவின் இதயப் புதல்வியர் என்று சொல்லலாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், துறவற வார்த்தைப்பாடுகளையே அரசு ரத்து செய்து மடங்களை மூடியபோது உருவான சபை. கிளோரிவியேர் என்ற இயேசு சபைக் குருவும் அடிலெய்ட் தெ சிசே என்ற பெண்மணியும் சேர்ந்து தொடங்கியது. மடம் கூடாது, உடுப்பு கூடாது என்று அரசு சொன்னால் சரி, இரண்டும் இல்லாமலேயே துறவியாக வாழ்வோம் என்று முடிவு எடுத்தார்கள். புரட்சி முடிந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்தச் சபைச் சகோதரிகளுக்கென்று தனி உடுப்பு கிடையாது. கராச்சி மையத்துக்கு மேரி அடிலெய்ட் என்று பெயர் வந்ததும் அந்த ஸ்தாபகர் நினைவாகத்தான்.

எங்கள் தேவாலயப் பங்கில் சிஸ்டர் என்றாலே வெள்ளை உடுப்பு, முக்காடு, கழுத்தில் சிலுவை. அது இல்லாவிட்டால் பாட்டிகள் ‘இவங்க சிஸ்டரா?’ என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். ரூத் அம்மா சல்வார் கமீஸில் இருந்தது வேஷம் போட்டுக்கொள்வதற்காக இல்லை. அவர் சபையின் வழக்கமே அதுதான். அங்கே சுற்றியிருக்கிற பெண்கள் எதை உடுத்துகிறார்களோ அதையே உடுத்தினார்.

ஆனால் ஒன்று. வேலூர்க்காரன் சார் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நிர்வாகி, ஆசிரியர், சரி. ஆனால் அந்தச் சேற்றில் உட்கார்ந்து புண் கட்டுவதற்கு ஒரு வலு வேண்டும், அது ஜெபத்திலிருந்து வந்தது என்று அவரே நம்பினார். அதை வெட்டிவிட்டு ‘திட்ட இயக்குநர்’ என்று மட்டும் நினைவுகூர்ந்தால் அதுவும் பாதிதான்.

மேற்பார்வையாளர் (ஓய்வு):

தொழுநோய்த் திட்டத்தில் மருத்துவம்சாரா மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வட ஆற்காடு பக்கம். நீங்கள் அன்பா நிர்வாகமா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். களத்தில் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், நீளமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோய். விரல் அழுகி விழுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பைப் பிடிக்கிறது. நரம்பு செத்தால் உணர்ச்சி போய்விடும். சூடான டம்ளரைப் பிடித்தால் சுடுவது தெரியாது, ஆணி குத்தினால் தெரியாது. புண்ணாகி, அந்தப் புண்ணோடு நடந்து, எலும்பு வரை போய், அப்புறம்தான் விரல் கரைகிறது. கராச்சிக் குடிசைகளில் ராத்திரி தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாமல் நோயாளிகள் கிடந்தார்கள் என்று அந்த அம்மா சொன்னது இதனால்தான். படிக்கிறவர்களுக்கு அது கதைபோல இருக்கும். எங்களுக்குப் புரியும்.

வேலூர் இதில் ஏன் முக்கியம்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். உணர்ச்சி இல்லாததுதான் ஊனத்துக்குக் காரணம் என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியவர் அவர். காட்பாடிப் பக்கம் கரிகிரி மருத்துவமனை 1955-இல் வந்தது. அதே ஆண்டில்தான் செங்கல்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்தில் ஹெமரிக்ஸ் என்ற பெல்ஜிய டாக்டர் மையம் தொடங்கினார். அவர் வழி என்ன தெரியுமா? நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரக் காத்திருக்காமல், வாரம் ஒரு நாள் சாலையோர மரத்தடியில் போய் உட்கார்ந்து மருந்து கொடுப்பது. ஆகவே 1961-இல் தமிழ்நாட்டுக்கு வந்து தொழுநோய் வேலை கற்றுக்கொண்டவருக்கு, உலகத்திலேயே அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் அதிகம் கிடையாது. இவர் விசா கிடைத்து வந்திருந்தால் நம்மிடம் ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் இன்னொருவர். கராச்சியில் அப்போது ஆள் மிகக் குறைவு.

அப்புறம் அந்தத் தொழில்நுட்பர்கள். என் கணக்கில் இவருடைய பெரிய காரியம் அதுதான். டாக்டர் வீடு வீடாகப் போக முடியாது. போனாலும் சட்டையைக் கழற்றிக் காட்ட மாட்டார்கள். தேமல் பெரும்பாலும் முதுகில், தொடையில், பிட்டத்தில் இருக்கும். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பஞ்சு நுனியால் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, எங்கே தொட்டேன் காட்டு என்று கேட்க வேண்டும். இதற்கு அந்த ஊர்ப் பாஷை பேசுகிற, அந்த ஊர்ச் சோறு தின்கிற ஆள் வேண்டும். பெண்களைப் பார்க்க இன்னும் சிரமம். மருமகளுக்குத் தேமல் என்றால் மாமியார் வீடு அவளை வாசலுக்கே விடாது. எங்கள் பக்கமே அப்படி என்றால் பலூசிஸ்தான் மலையில் எப்படி இருந்திருக்கும். குகையிலும் மாட்டுக் கொட்டிலிலும் பெற்றவர்களே அடைத்து வைத்த குழந்தைகளை இவர் மீட்டிருக்கிறார். கல்நெஞ்சத்தால் அடைக்கவில்லை. பயம். ஊர் தள்ளிவைத்துவிடும் என்ற பயம்.

கிறிஸ்டி அம்மா, நீங்கள் சொன்ன வலுவை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் சாமி கும்பிடாத மேற்பார்வையாளர்களும் பாதப்புண் கழுவியிருக்கிறார்கள்.

தூத்துக்குடி கிறிஸ்டி:

சரிங்க ஐயா, அது நியாயம். உங்கள் பதிவைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

ஐயப்பாடு:

ஓய்வு பெற்ற ஐயாவின் பதிவு அருமை. ஆனாலும் விடமாட்டேன். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன். அது வந்த பிறகு எல்லா நாட்டிலும்தான் எண்ணிக்கை சரிந்தது. அப்படியிருக்க 1996 சாதனை மருந்தின் சாதனையா, இந்த அம்மாவின் சாதனையா?

மேற்பார்வையாளர் (ஓய்வு):

நல்ல கேள்வி. மருந்து இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. அதற்கு முன்னால் டாப்சோன் மட்டும்தான், வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும், பாதியில் விட்டுவிடுவார்கள், கிருமியும் பழகிப்போகும். கூட்டு மருந்து வந்த பிறகு 6 மாதம் அல்லது 24 மாதம், பின்னால் அந்த 24-உம் 12 ஆனது, முடிந்தது.

ஆனால் மருந்துக்குக் கால் கிடையாது. கூட்டு மருந்து வரும்போது பாகிஸ்தானில் யாருக்கு நோய், எந்த ஊர், எந்த வீடு என்ற பதிவேடு தயாராக இருந்தது. கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். அது இருபது வருஷ வேலை. பதிவேடு இல்லாத இடத்தில் மருந்து வந்தால் கிடங்கில் கிடக்கும், காலாவதியாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டுப்பாடு என்றால் ஒழிப்பு இல்லை. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே போனால் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று கணக்கு. இந்தியா அதை 2005 கடைசியில் எட்டியது. ஆனாலும் இன்றைக்கு உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். கிருமி உடம்பில் புகுந்து நோய் தெரிய ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகும். அறிவிப்பு வந்ததும் தனிப் பிரிவைக் கலைத்துவிட்டு எல்லோரையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்தோம். கராச்சி மையம் 1996-க்குப் பிறகும் மூடவில்லை. அதே ஆட்களை வைத்துக் காசநோய், கண்பார்வை இழப்பு என்று சேர்த்துக்கொண்டார்கள், தொழுநோயையும் விடவில்லை. புத்திசாலித்தனம்.

மருத்துவ மாணவி:

நான் மூன்றாம் ஆண்டு. தோல் பிரிவில் தொழுநோயை ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். இந்த இழையில் அதைவிட அதிகம் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வேறு ஒரு விஷயம் சுவாரஸ்யமாகப் பட்டது. துறவி டாக்டராக இருப்பது இன்றைக்குச் சாதாரணம். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை சகோதரிகள் பிரசவம் பார்க்க 1936-இல்தான் முறையாக அனுமதி கொடுத்தது. அதற்கு முன்னால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூர் வந்த மேரி குளோரி அப்படி போப்பின் தனி அனுமதியோடு மருத்துவம் பார்த்தவர். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கான இந்தியச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அன்னா டெங்கல் என்ற ஆஸ்திரிய டாக்டர் ராவல்பிண்டியில் சில ஆண்டுகள் வேலை செய்தார். பர்தா முறையால் ஆண் டாக்டரிடம் போக முடியாமல் பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்துத்தான் 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். அந்த 1936 அனுமதிக்காக விடாமல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

ரூத் ஃபாவ் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பின்னாளில் பாகிஸ்தானாகிற அதே மண்ணில் இன்னொரு பெண் டாக்டர் ரோமாபுரியோடு சண்டை போட்டு வழி திறந்து வைத்திருக்கிறார். அவர் படத்தை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை!

தூத்துக்குடி கிறிஸ்டி:

தங்கச்சி, இந்த அன்னா டெங்கல் கதையை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. புனிதர் பட்டம் கிடைத்தவர்களை மட்டும்தான் நாங்கள் தெரிந்துவைத்திருக்கிறோம்.

மீன்பாடும் தேன்நாடு:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாவிக்குள் மாந்தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலேயே அதைத் தொழுநோய் வைத்தியசாலையாக்கினார்கள். தீவு என்பதுதான் முக்கியம்: கரையிலிருந்து பார்த்தால் தெரியும், ஆனால் யாரும் போக மாட்டார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் கையை நீட்டினாலே அம்மம்மா அடிப்பார். அங்கே கத்தோலிக்கச் சகோதரிகள் இருந்து பணி செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பெயர் எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த இழையைப் படிக்கும்போது ஒரு வித்தியாசம் தோன்றுகிறது. பழைய முறையில் நோயாளியைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் வைப்பார்கள், சிஸ்டரும் அங்கே போய் அவரோடு அடைந்துகொள்வார். ஹவாயின் மொலக்காய் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த குரு தந்தை தாமியான் அப்படி இருந்து, நோய் தொற்றியே இறந்தார். ரூத் ஃபாவ் காலத்தில் மருந்து இருந்தது. அதனால் அவர் நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்காமல் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். தியாகம் குறைந்தது என்று சிலர் சொல்லலாம். எனக்கு இதுதான் மேல் என்று படுகிறது. மாந்தீவுக்குப் போனவர்கள் பலர் குணமான பின்னரும் திரும்பிப் போக வீடு இல்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

வேலூர்க்காரன்:

மட்டக்களப்பு நண்பரின் பதிவுதான் நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறது. பிரிக்காமல் குணப்படுத்துவது. அதற்கு நெஞ்சில் ஈரம் மட்டும் போதாது. ஜீப், பதிவேடு, சம்பளம், பயிற்சி, அமைச்சரிடம் காத்திருக்கும் பொறுமை எல்லாம் வேண்டும். அமைச்சர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த மணி நேரங்களை யாரும் படம் எடுப்பதில்லை.

நம் பக்கத்துச் சட்டத்தையும் பாருங்கள். நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது 2016-இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவை நீக்கியது 2019-இல். கூட்டு மருந்து கிடைத்து முப்பத்தைந்து, முப்பத்தெட்டு ஆண்டு கழித்து! 2018-இல்கூட அந்தப் பிரிவு சட்டத்தில் இருந்தது.

புயல்காற்று:

அன்னை தெரசாவைப் பற்றி வந்த விமர்சனங்கள் எல்லாம் இவருக்கும் பொருந்தும்தானே? வலியைப் புனிதமாக்குவது, சரியான மருத்துவம் தராதது...

ஐயப்பாடு:

இல்லை புயல். சந்தேகப்படுவதில் உங்களுக்கு அண்ணன் நான், நானே சொல்கிறேன், பொருந்தாது. தெரசா மீது வந்த விமர்சனத்தின் மையம் அங்கே முறையான மருத்துவம் இல்லை என்பது. இவர் டாக்டர். ஆய்வகம், அறுவை, பயிற்சிப் பள்ளி என்று போனவர். இரண்டு பேரும் கன்னியாஸ்திரிகள் என்பதற்காக ஒருவர் கணக்கை இன்னொருவர் தலையில் எழுதக் கூடாது. ‘பாகிஸ்தானின் அன்னை தெரசா’ என்ற அடைமொழியால் வருகிற தொல்லை இது. பாராட்டாக வைத்தார்கள், இப்போது வசவும் அதன் வழியாகவே வருகிறது.

என் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வியை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். 157 மையங்களில் வேலை பார்த்த அந்தத் தொழில்நுட்பர்களைப் பற்றி எங்கேயாவது விரிவாக எழுதியிருந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஷார்ஜா சேது:

கராச்சி நண்பரிடம் கேட்டேன். அவர் சித்தப்பாவுக்கு மருந்து கொண்டுவந்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரராம். ‘தொழுநோய்க்கார டாக்டர்’ என்று ஊரில் கிண்டல் செய்வார்களாம். அவரை யாரும் கல்யாண வீட்டுக்கு அழைக்க மாட்டார்களாம், நோய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று. பல வருஷம் கழித்து அதே ஆள் காசநோய் மாத்திரையும் கொண்டுவர ஆரம்பித்த பிறகுதான் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம். ஐயப்பாடு கேட்டதற்கு என்னிடம் உள்ளது இவ்வளவுதான்.

புதுமுகம்77:

வணக்கம். இந்த இழையை ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருந்தேன், இதற்காகவே கணக்கு திறந்தேன். தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்கு முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று இருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை. வெயிலில் வேலை செய்வதால் என்று விட்டுவிட்டோம். மேற்பார்வையாளர் ஐயா பஞ்சால் தொட்டுப் பார்ப்பது பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தேன். அந்த இடத்தில் தொட்டதை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

மேற்பார்வையாளர் (ஓய்வு):

தம்பி, முதலில் பயப்படாதே. அரிப்பும் வலியும் இல்லாத தேமலை எல்லோரும் விட்டுவிடுவார்கள், நீ கவனித்ததே பெரிய விஷயம். அது தொழுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது.

நாளைக்கே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போ. ‘உணர்ச்சி இல்லாத தேமல்’ என்று சொன்னாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். அங்கே சந்தேகமாக இருந்தால் மாவட்ட ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். கைநரம்பு முழங்கைக்குப் பின்னால் தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள், சில சமயம் காதுமடலில் சிறிதாகக் கீறிச் சோதனைக்கு எடுப்பார்கள். உறுதியானால் மருந்து முழுக்க இலவசம். மாதம் ஒரு அட்டை. முதல் மாத்திரையை அங்கேயே அவர்கள் முன்னால் விழுங்கச் சொல்வார்கள், மீதியை வீட்டில். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பதற வேண்டாம். தோல் கொஞ்சம் கறுக்கலாம், அப்புறம் சரியாகிவிடும்.

மருந்து தொடங்கியதும் பரவும் வாய்ப்பு சட்டென்று போய்விடும். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை எதுவும் வேண்டாம். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு, வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள், அது வழக்கம். சிகிச்சை நடுவில் கை மரத்தாலோ, விரல் மடங்கினாலோ, திடீரென்று தேமல் சிவந்து வீங்கினாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் உடனே போ. நரம்பைக் காப்பாற்ற அப்போது வேறு மாத்திரை தேவைப்படும்.

போய்விட்டு வந்து இங்கே எழுது. தனி மடலில் கேட்டாலும் சரி.